நாய்க்குட்டிப் படம் போட்ட பிள்ளை

நாத்தனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

வெளியே மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. துவைத்த துணி எதுவும் காய்கிற வழியாக இல்லை. கூடத்தில் குறுக்கே கட்டிய கயிற்றில் சட்டையும் புடவையும் தொங்கி, வீடெங்கும் ஈரவாடை அடித்தது. தலையில் துணி உரச, மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் சாப்பிட்டார்கள், ஒருத்தி பிசைந்தாள்.

"அக்கா, அந்தச் சோறு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? இன்னும் கொஞ்சம் பிசைஞ்சா சுவத்துக்குப் பூசிடலாம்," என்றான் தம்பி. அவன் லாரிப் பட்டறையில் மெக்கானிக். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத கிரீஸ் நகக்கண்ணில் இருக்கும். சாப்பிடும்போது யாரையாவது சீண்டாவிட்டால் அவனுக்குச் செரிக்காது.

நாத்தனார் சிரிக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுடா."

"எந்தப் பிள்ளை?"

"என்கூடப் படிக்குதே, நாய்க்குட்டிப் பிள்ளை."

தம்பி தன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். வீட்டு மருமகளான அவள் குனிந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில், நாத்தனார் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பதை மட்டும் அவள் நன்றாகக் கற்றிருந்தாள்.

நாத்தனார் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஆயாவாக இருந்தவள். பிரம்பு மாதிரி உடம்பு, கத்தி மாதிரி பேச்சு. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். நின்று நின்றே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோக, ஆஸ்பத்திரியில் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்கள். மருத்துவமனை நிர்வாகத்தில் ஒரு வருஷப் படிப்பை முடித்துக்கொண்டு வந்தால் முன்வாசலில் உட்கார்ந்து பெயர் பதிகிற வேலை தருவதாகச் சொன்னார்கள். வீட்டிலிருந்தே கணினியில் படிக்கலாம். நாற்பது தாண்டிய வயதில், கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடித் தட்டிப் படித்தாள். நாளை மறுநாள் காலை கடைசித் தேர்வு. அதைத் தவறவிட்டால் அந்த நாற்காலி வேறு ஒருத்திக்கு.

"முதல் வாரமே எழுதிச்சு," என்றாள் நாத்தனார். "'எனக்கு ஒண்ணுமே புரியல, நான் மட்டும்தான் இப்படியா'ன்னு. முன்னூறு பேர் படிக்கிறோம். ஒருத்தர் வாயைத் தொறக்கல. நான்தான் எழுதினேன், நீ மட்டும் இல்ல கண்ணு, எனக்கும் மண்டையில ஏறலன்னு. கீழே இன்னொரு பொண்ணு 'எனக்கும்'னு ஒத்தை வார்த்தை போட்டா. அவ்வளவுதான்."

"சரி, மூணு மக்கு சேர்ந்தாச்சு. சங்கம் வெக்க வேண்டியதுதானே?"

"விளையாடாதடா. அடுத்த பாடத்துல, 'ராத்திரியெல்லாம் தூக்கமே வரல'ன்னு எழுதுது. தூக்கம் வரலன்னா எழுந்து உக்காந்து தண்ணி குடி, பாடத்தை மூடி வையின்னு எழுதினேன். அதுக்கடுத்து, 'யாராவது இருக்கீங்களா'ன்னு கேக்குது. நான் இருக்கேன், நான் இருக்கேன்னு ரெண்டு தரம் எழுதினேன். போன வாரம் என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'யாருமே பதில் சொல்லல. இனிமே நான் எழுதப் போறதில்ல.' ஏன்டா, நான் எழுதினது அதுக்குத் தெரியவே இல்லையா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு ஒரு பிள்ளை கத்துது, நான் இந்தப் பக்கம் நின்னு கத்தறேன். ஒருத்தர் சத்தம் ஒருத்தருக்குக் கேக்கல."

கூரைத் தகரத்தில் மழை தட்டிக்கொண்டிருந்தது.

"நாய்க்குட்டின்னா?" என்றாள் மருமகள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "எப்படி அண்ணி இருக்கும்?"

நாத்தனார் ஆச்சரியமாகப் பார்த்தாள். இவள் தானாக வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை.

"அந்தப் பிள்ளை தன் படத்துக்குப் பதிலா நாய்க்குட்டி படம் போட்டிருக்கு. பழுப்பு நிறம். ஒரு காது நிமிந்து, ஒரு காது தொங்கும். பின்னால மாடிப்படி. பேரை வெச்சு ஆணா பொண்ணான்னு சொல்ல முடியல. ஏன் கேக்கறே?"

"சும்மாதான் அண்ணி."

அந்த நாய்க்குட்டியை அவளுக்குத் தெரியும். அவள் அலுவலகத்து மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்ட நாயின் கடைக்குட்டி அது. படம் எடுத்தது அவளேதான்.

*

மருமகளின் வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல தப்பு கண்டுபிடிக்கறா," என்று கணவன் பட்டறையில் சொல்லிவைத்திருந்தான். அது அவ்வளவு தவறும் இல்லை. கல்லூரிகள் இணையத்தில் நடத்தும் படிப்புகளை அவள் நிறுவனம் வடிவமைத்துக் கொடுக்கும்; நாத்தனார் படிப்பது அதில் ஒன்று என்று அன்றுவரை அவளுக்கே தெரியாது. மாணவர் கைக்குப் போகுமுன் ஒவ்வொரு படிப்பையும் தரம் பார்ப்பது அவள் வேலை. வீடியோவில் பேசுவது கீழே எழுத்தாக ஓடுகிறதா, தொடுகிற இடமெல்லாம் திறக்கிறதா, பாடத்தில் சொல்லாததைத் தேர்வில் கேட்டிருக்கிறார்களா என்று பார்ப்பாள். பாடத்தின் நோக்கத்தில் 'மாணவர் புரிந்துகொள்வார்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு 'விளக்குவார்' என்று மாற்றச் சொல்வாள். புரிந்ததை அளக்க முடியாது, விளக்கினால் மார்க் போடலாம் என்பது அவர்கள் விதி. சின்னத் தப்பும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

மாணவர் கண்ணில் படிப்பு எப்படித் தெரிகிறது என்று பார்க்க, இல்லாத மாணவர் ஒருவரை உண்டாக்கி உள்ளே அனுப்புவார்கள். அலுவலகத்தில் அதற்குப் பெயர் பொம்மை. மற்றவர்கள் பொம்மையின் வாயால் 'சோதனை, சோதனை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவளுக்கு அது ஒப்பவில்லை. பொம்மைக்குப் பெயர் வைத்தாள், நாய்க்குட்டி படம் வைத்தாள். 'பின்தங்கும் மாணவரைக் கண்டறிந்து ஒரு நாளைக்குள் தொடர்புகொள்வோம்' என்று அந்தப் படிப்பின் முகப்பில் எழுதியிருந்தது. அப்படியானால் பின்தங்குகிற பிள்ளையாகவே போய்ப் பார்ப்போம் என்று, ஒவ்வொரு பாடத்தின் கலந்துரையாடல் பக்கத்திலும் ஒன்று எழுதிவைத்தாள். எழுத எழுத வார்த்தை தானாக வந்தது. அது ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

அன்று பாத்திரம் கழுவும்போது கணவன் பக்கத்தில் வந்து நின்று துடைத்துக் கொடுத்தான்.

"அக்காவை நினைச்சா பயமா இருக்கு," என்றான் மெதுவாக. "மாமா செத்தது உனக்குத் தெரியும்ல? நாற்காலியில உக்காந்து தூங்கறாருன்னு நினைச்சு இது வேலையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. ஒரு தரம் கூப்பிட்டிருக்கு. பதில் வரல. அசந்து தூங்கறாரு, எழுப்ப வேணாம்னு விட்டுடுச்சு. வார்டுல பொழுதன்னைக்கும் சொல்ற ஆளு அது, கூப்பிட்டா பதில் சொல்லாத நோயாளியைத்தான் முதல்ல போய்ப் பாக்கணும்னு. தன் வீட்ல தவற விட்டுடுச்சு. இப்ப இந்தப் பிள்ளை வேற."

அவள் கையிலிருந்த டம்ளரைக் கழுவியதையே மறுபடி கழுவினாள்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். நாத்தனாரின் அறைக் கதவு வரை போனாள். உள்ளே ஒற்றை விரல் விசைப்பலகையில் தட்டித் தட்டி நிற்கிற ஓசை கேட்டது. யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தாள். அந்த யாரோ இல்லை என்று எப்படிச் சொல்வது? 'நான் உனக்குக் கோமாளியா?' என்று அந்தக் கத்திப் பேச்சு பாய்ந்தால் என்ன செய்வது? நாளை அலுவலகத்தில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லித் திரும்பினாள். நல்லது செய்வதைத் தள்ளிப்போட மனசு தேடுகிற சாக்கு எப்போதும் நியாயமாகத்தான் தெரியும்.

*

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மழைநாளில் ரப்பர் வாடை ஜன்னல் வழியே ஏறி வரும். காலையில் வேறொரு கல்லூரிக்காரர்களோடு கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. மதியத்துக்கு மேல்தான் அவளால் அந்தப் படிப்பைத் திறக்க முடிந்தது.

எல்லாம் இருந்தது. பொம்மை எழுதியதும், அதன்கீழ் நாத்தனார் எழுதியதும். பாடத்துக்குப் பாடம், எழுத்துப் பிழையோடு, முற்றுப்புள்ளி வைக்காமல், எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதியிருந்தாள்.

'கண்ணு பத்தாவது வீடியோவ ரெண்டு தரம் பாரு முதல் தரம் புரியாது ரெண்டாவது தரமும் புரியாது ஆனா பயம் போயிடும்'

'சாப்பிட்டியா'

'நான் இருக்கேன்'

'நான் இருக்கேன்'

வீட்டில் இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. சில இடங்களில் நாத்தனார் எழுதியதற்கும் கீழே, யாரோ ஒரு பெண் 'எனக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தாள். மருமகளின் கண் அதில் நிற்காமல் நகர்ந்தது. கடைசிப் பாடத்தில், பொம்மையின் 'இனிமே எழுதப் போறதில்ல' என்பதற்குக் கீழே நாத்தனார் நேற்று இரவு எழுதியது நின்றது: 'தப்பா எதுவும் பண்ணிக்காத நான் வரேன்'.

எழுந்து மேலாளரிடம் போனாள். எதைக் கொடுத்தாலும் டிக் போட்டு அனுப்புவதால் அவருக்கு டிக் சார் என்று பெயர். நல்ல மனிதர்தான். ஊழியர்களுக்குத் தன் கையாலேயே டீ போட்டுக் கொடுப்பார்.

"வாம்மா பூதக்கண்ணாடி. என்ன முகமே சரியில்ல?"

"பொம்மை எழுதினது எல்லாம் நிஜ வகுப்புக்குள்ள போயிருக்கு சார்."

"எதுல?"

"மருத்துவமனை நிர்வாகம்."

டிக் சார் நெற்றியைத் தேய்த்தார். "ஓ, அவங்களா. வாத்தியார் போட்ட பயிற்சிக் கேள்வியெல்லாம் கலந்துரையாடல்லதான் இருக்கு, அதையும் சேத்துப் படிப்பை நகல் எடுத்துக் கொடுங்கன்னு கேட்டாங்க. நாம பொம்மையைத் துடைக்காம அனுப்பிட்டோம் போல. ஒவ்வொரு பாடமும் திறக்கத் திறக்க, அன்னைக்குத்தான் எழுதின மாதிரி தெரிஞ்சிருக்கும்."

"இத்தனை மாசமா யாரும் பாக்கலையா சார்? பாடம் நடத்தற வாத்தியார்?"

"ஒரு வாத்தியாருக்கு ஆறு வகுப்பும்மா. எங்கே பாக்கறது?"

"பின்தங்கற பிள்ளையை ஒரு நாளைக்குள்ள கூப்பிடுவோம்னு முகப்புல போட்டிருக்கு. நான்தான் அதுக்கு முழு மார்க் போட்டேன்."

"போட்டிருக்கா இல்லையான்னுதானே நீ பாக்கணும்? செய்யறாங்களா இல்லையான்னு பாக்கறது நம்ம வேலையா?" கடுமையாகச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். "இதுக்குப் போயா கலங்கறே? காலேஜ்காரங்க பாத்து மானம் போறதுக்குள்ள தூக்கிடலாம்."

அவர் தன் கணினியில் எதையோ தட்டினார்.

"சார், இருங்க. எங்க அண்ணி அதுல படிக்கறாங்க. அவங்க நிஜம்னு நினைச்சு..."

"முடிஞ்சுது."

பக்கம் ஒருமுறை வெளுத்து மீண்டது. நாய்க்குட்டி இல்லை. நாய்க்குட்டியின் கீழ் எழுதிய பதில்களும் அதோடு சேர்ந்து போயிருந்தன. 'சாப்பிட்டியா' இல்லை, 'நான் இருக்கேன்' இல்லை. கழுவித் துடைத்த தரைபோலப் பக்கம் பளிச்சென்று இருந்தது.

"பாத்தியா, எவ்வளவு சுத்தமா இருக்கு," என்றார் டிக் சார். "உக்காரு, டீ போடறேன்."

அவள் உட்காரவில்லை. நாத்தனாருக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. அரை மணி நேரம் மறுபடி மறுபடி செய்தாள், எடுக்கவில்லை. அவள் கையிலேயே போன் ஒலித்தது. கணவன்.

"அக்கா இங்க பட்டறைக்கு வந்துச்சு," அவன் குரலில் வழக்கமான கேலி இல்லை. "வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுச்சு. அந்தப் பிள்ளையோட படம், எழுத்து எல்லாம் இப்பத்தான் ஒரேயடியா காணாமப் போச்சாம். காலேஜுக்குப் போன் பண்ணா பதிவு பண்ணின குரல்தான் பேசுதாம். நேர்ல போய் விலாசம் கேக்கறேன்னு கிளம்பிடுச்சு. நாளைக்குப் பரீட்சைன்னேன். 'ஒரு உசுரு போயிக்கிட்டு இருக்கு, பரீட்சையாம் பரீட்சை'ன்னு திட்டிட்டுப் போகுது. நான் லாரிக்கு அடியில கிடக்கேன், எழுந்து வரதுக்குள்ள..."

"எந்தப் பக்கம் போனாங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு."

அவள் குடையை எடுக்க மறந்து இறங்கி ஓடினாள்.

*

பஸ் ஸ்டாண்டில் கணுக்கால் அளவு தண்ணீர். மேகம் கவிந்து, பொழுது சாயுமுன்பே விளக்குப் போட்டிருந்தார்கள். வண்டிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றன. ஆட்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல், தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடினார்கள். கடவுளே, அவங்க ஏறியிருக்கக் கூடாது என்று வேண்டியபடி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

கடைசி மேடையில், இரும்பு பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. பக்கத்தில் ஃபிளாஸ்க். முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். எதிரே நின்ற பஸ்ஸில் டிரைவர் இன்னும் ஏறவில்லை.

"நீ எதுக்கு வந்தே?" என்றாள் நாத்தனார். "தடுக்கலாம்னு வந்தியா? நடக்காது."

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"பஸ் எடுக்கப் போறான். சீக்கிரம் சொல்லு. இப்படி நனைஞ்சிருக்கியே, குடை இல்ல? படிச்ச பொண்ணு, ஒரு குடை எடுக்கத் தெரியல." பையிலிருந்து துண்டை எடுத்து அவள் மேல் போட்டாள். "துவட்டு. அவிச்ச முட்டை வெச்சிருக்கேன், வேணுமா? அந்தப் பிள்ளைக்குன்னு எடுத்தேன். எத்தனை நாளா சாப்பிடலையோ."

அந்த முட்டைப் பொட்டலத்தைப் பார்த்ததும் மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தப் பிள்ளை இல்ல அண்ணி."

நாத்தனாரின் முகம் வெளிறியது. "போயிடுச்சா? உனக்கு யார் சொன்னா?"

"ஐயோ, அப்படி இல்ல. அப்படி ஒரு பிள்ளை இருந்ததே இல்ல. எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு படிப்பையும் சரி பாக்கறதுக்கு ஒரு பொம்மை மாணவனை உண்டாக்குவோம். நீங்க படிக்கறது நாங்க செஞ்ச படிப்பு. அந்த நாய்க்குட்டி எங்க மாடிப்படிக்குக் கீழே பிறந்தது. எழுதினதெல்லாம் நான்தான். வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுதினது. துடைக்காம விட்டுட்டோம். அதனாலதான் நீங்க எழுதின எதுக்கும் பதில் வரல. இன்னைக்கு எங்க சார் அழிச்சிட்டாரு. நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

பஸ்ஸின் கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. நாத்தனார் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

திட்டுவாள் என்று மருமகள் காத்திருந்தாள். கைநீட்டி அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"அப்போ யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆகல அண்ணி."

"பொம்மைக்குப் போயா நான் சோறு தண்ணி இல்லாம கிடந்தேன்?" சிரிப்பது போல உதடு கோணியது, சிரிப்பாகவில்லை. "உன் புருஷனுக்குத் தெரிஞ்சா ஆயுசு முழுக்க இதைச் சொல்லியே சோறு தின்பான்." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தாள். வார்டில் நாடி பிடிக்கிறவளின் பார்வை அது. "ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். தூக்கம் வரலன்னு எழுதியிருந்தியே. யாராவது இருக்கீங்களான்னு எழுதியிருந்தியே. அதெல்லாம் வேலைக்காகவா எழுதினே?"

"வேலைக்காகத்தான் அண்ணி."

"நான் முட்டாளா இருக்கலாம். ஆனா படுத்திருக்கிறவங்க நிஜமா முனகறாங்களா, சும்மா முனகறாங்களான்னு எனக்குத் தெரியும்."

மருமகள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அதையெல்லாம் எழுதிய காலத்தில் வீட்டில் அவளோடு பேச யாரும் இல்லை. கணவன் பட்டறையிலிருந்து வந்ததும் தூங்கிவிடுவான். நாத்தனார் அப்போதுதான் துக்கத்தோடு வந்து ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்னொரு மூலையில் இருந்தாள்.

"உன்னைக் கூப்பிட்டா காது கேக்காது. எதையாவது மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பே," என்றாள் நாத்தனார். "திமிர் பிடிச்சவன்னு நினைச்சேன். ஒரு சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கே. ஊரெல்லாம் தேடக் கிளம்பிட்டேன் பாரு." முட்டைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் வைத்தாள். "தின்னு. உனக்குத்தான் கொண்டுவந்திருக்கேன்னு வெச்சுக்கோ."

அவள் அழுதபடியே தின்றாள். பட்டென்று லேசாகிவிட்ட மனசோடு, "வீட்டுக்குப் போலாம் அண்ணி. நாளைக்குப் பரீட்சை. ராத்திரி நான் கூட உக்காந்து..." என்று ஆரம்பித்தாள்.

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. அவள் கண் எங்கோ நிலைத்திருந்தது.

"இரு," என்றாள். "நாய்க்குட்டி பொம்மை. சரி. அப்போ 'எனக்கும்'?"

"என்ன அண்ணி?"

"'எனக்கும்'னு எழுதினாளே ஒரு பொண்ணு. அவளும் பொம்மையா?"

மருமகளின் வாயில் முட்டை அப்படியே நின்றது. "இல்ல அண்ணி. ஒரு படிப்புக்கு ஒரே பொம்மைதான்."

"முதல்ல 'எனக்கும்'னா. தூக்கம் வரலங்கறதுக்கும் 'எனக்கும்'னா. யாராவது இருக்கீங்களான்னதுக்கு ஒண்ணும் எழுதல. அதுக்கப்புறம் எழுதவே இல்ல." நாத்தனாரின் கை முழங்காலை இறுகப் பிடித்தது. "எழுத மாட்டேன்னு சொல்லிட்டு நின்னுதே, அதைத் தேடிப் பைத்தியமா அலைஞ்சேன். சொல்லாமக் கொள்ளாம நின்னுபோனாளே, அவளைக் கவனிக்கவே இல்லையே நான். பக்கத்துக் கட்டில்ல இருந்தவ. ஐயோ."

பளிச்சென்று துடைத்த அந்தப் பக்கம் மருமகளின் கண்முன் வந்தது. அந்தப் பெண்ணின் ஒற்றைச் சொல்லும் அதோடுதான் போயிருந்தது. தன் கண்ணும் அதைத் தாண்டித்தானே போனது என்று அப்போதுதான் உறைத்தது.

"நம்பர் இருக்கா அண்ணி?"

"முதல் நாள் அறிமுகப் பக்கத்துல எல்லாரும் நம்பர் போட்டோம். நாய்க்குட்டிதான் போடல. அவளது எங்கிட்ட இருக்கு. எத்தனையோ தரம் கண்ணுல பட்டிருக்கு, கூப்பிடத் தோணல." போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிக் கிடைக்காமல், "நீ போடு," என்று கொடுத்தாள்.

மருமகள் எண்ணைத் தட்டி ஒலிபெருக்கியில் வைத்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எதிரே டிரைவர் ஏறி பஸ்ஸைக் கிளப்பினான். இஞ்சின் அதிர்வில் பெஞ்சு நடுங்கியது. மணி நின்றுபோனது.

"மறுபடி போடு."

மறுபடி போட்டாள். மருமகளின் உதடு வேண்டுதலில் அசைந்தது. நாத்தனாரின் உதடு அசையவில்லை. அவள் காது மட்டும் விழித்திருந்தது.

"மறுபடி."

"எடுக்கல அண்ணி..."

"எடுக்கலேன்னாதான் மறுபடி போடணும்."

மூன்றாம் தடவை மணி பாதியில் நின்றது. எடுத்துவிட்டார்கள். ஆனால் குரல் இல்லை. மூச்சு மாதிரி ஏதோ ஒன்று, வெகு தூரத்தில், ஆழத்தில்.

மருமகள் பதறி, "ஹலோ, நல்லா இருக்கீங்களா, என்ன ஆச்சு..." என்று தொடங்கினாள். நாத்தனார் அவள் தொடையை அழுத்தி நிறுத்தினாள். போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள். அத்தனை இரைச்சலிலும் குரலை உயர்த்தவில்லை. வார்டில், திரைக்குப் பின்னால், படுத்திருப்பவரின் தலைமாட்டில் பேசுகிற குரல்.

"கண்ணு, நான் உன்கூடப் படிக்கிறவ. முட்டிவலிக்காரின்னு அறிமுகத்துல எழுதியிருந்தேனே, அவதான். அவசரமா ஒண்ணும் இல்ல. நீ பேசாட்டிப் பரவாயில்ல. நான் பேசறேன், கேட்டுக்கிட்டு இரு."

மறுமுனையில் ஒன்றும் இல்லை.

"நாளைக்குப் பரீட்சை. எனக்கு ஒரு எழுத்தும் தெரியல. இங்க பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன், மழை. பயமா இருக்கு கண்ணு எனக்கு."

பஸ் பின்வாங்கித் திரும்பியது. அதன் விளக்கு அவர்கள் மேல் ஒருமுறை அடித்து விலகி, மழைக்குள் மறைந்தது. இரைச்சல் அடங்கியது. மருமகள் நாத்தனாரின் கையைப் பற்றிக்கொண்டாள். எப்போது பற்றினாள் என்று இருவருக்குமே தெரியாது.

வெகுநேரம் கழித்து, பல நாள் யாரோடும் பேசாத தொண்டையிலிருந்து, கரகரத்து, ஒரு சொல் வந்தது.

"எனக்கும்."